ஐந்தாம் அடுப்பில் ஓர் இடம்

அரசாங்கம் கவிழ்ந்த காலையில் தாரி தன் பன்றிக்கு வள்ளிக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தான். கவிழ்ந்த சத்தம் எதுவும் அவன் காதில் விழவில்லை. லமாரி கிராமத்திலிருந்து பார்த்தால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் தலைநகரம் தெரியும். அன்றும் எப்போதும்போலத் தெரிந்தது.

வனோரா நாட்டின் ராணுவம் என்பது இரண்டு லாரி, ஒரு பீரங்கி, கரையேற்றிப் பழுது பார்க்கப்பட்டுவரும் ஒரு ரோந்துக் கப்பல். கப்பலுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால் புரட்சியை லாரியிலேயே நடத்தவேண்டியதாயிற்று. அதிபர் கடல்மட்டம் உயர்வது பற்றிய மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். ராணுவத் தளபதி கர்னல் லோகோமாய் வானொலி நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, மரண அறிவிப்புகள் முடிந்ததும் மைக்கை வாங்கினார்.

"இது ஆட்சிக் கவிழ்ப்பு அல்ல. ஆட்சி சாய்ந்து நின்றது. நிமிர்த்தப் போனோம். விழுந்துவிட்டது" என்றார். "எனக்குப் பதவி ஆசை துளியும் கிடையாது. இதை என் அதிகாரிகளிடமும் சொன்னேன். பலர் நம்பினார்கள். நம்பாதவர்கள் வெளித்தீவில் கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கிறார்கள்."

பிறகு முதலாம் ஆணையை வாசித்தார். புதிய அதிபர் ஆசனத்தில் அமரும்வரை எந்த ராணுவ அதிகாரியையும் யாரும் பதவிநீக்கவோ, கைதுசெய்யவோ, கைநீட்டி அடிக்கவோ கூடாது. மீறுபவர் ஆயுள் முழுக்க எந்தப் பதவிக்கும் லாயக்கற்றவர். இந்த ஆணையை மாற்றுவதும் அந்தப் புதிய அதிபர் ஒருவரால்தான் முடியும்.

"யாரு இவன், மூச்சு விடாம பேசறான்?" என்றாள் வானொலிப் பெட்டியின் பக்கத்தில் இருந்த தாரியின் மனைவி மாபோன்.

"ராணுவத் தளபதி. நாட்டை எடுத்துக்கிட்டானாம்."

"எடுத்து எங்க வெக்கப்போறான்? நீ கிழங்கை நல்லா மசி. கட்டி இருந்தா அவன் தொடமாட்டான்."

இந்த 'அவன்' சோம்போ. பன்றி. குட்டியாக இருக்கும்போதே மேற்பற்களை எடுத்துவிட்டதால் சோம்போவின் கீழ்க் கோரைப்பல் தடையில்லாமல் வளர்ந்து, வளைந்து, கன்னத்தைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. முழு வட்டம். மண்ணைக் கிளறினால் பல் உடையும் என்பதால் ஏழு வருஷமாக அவனைக் கட்டிப்போட்டு, வேகவைத்து, மசித்து, தேங்காய்ப்பால் ஊற்றி ஊட்டினார்கள். தாரிக்குப் பிறந்த பிள்ளைகள்கூட இப்படி வளரவில்லை. அவை கிடைத்ததைத் தின்று வளர்ந்தன.

காரணம், கூடம். லமாரியின் ஆண்கள் கூடத்தில் வாசலிலிருந்து உள்ளே போகப்போக ஐந்து அடுப்புகள். எந்த அடுப்பில் சாப்பிடுவது என்பதை ஒருவன் விழாவில் என்ன பன்றியைத் தடியால் அடித்துப் பலி கொடுத்தான் என்பதே தீர்மானிக்கும். பல் முளைக்காத பன்றிக்கு இரண்டாம் அடுப்பு. பல் வளைந்து முழு வட்டம் போட்ட பன்றிக்கு ஐந்தாம் அடுப்பு. எதையும் அடிக்காதவனுக்கு வாசலோரம் முதல் அடுப்பு. அங்கே மூக்கு ஒழுகும் பையன்களும் தாரியும் இருந்தார்கள். ஐந்தாம் அடுப்பில் அவன் மாமனார் விரேலாலா இருந்தார். தலைவர்கள் சபைக்கே தலைவர். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காவா என்ற வேர்ச்சாற்றைக் குடிக்கும் நேரத்தில், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கும்படி அவர் சொல்வது ஒன்றே:

"மாப்ளே, கொஞ்சம் தள்ளி உக்காரு. புகை உன் பக்கம்தான் வருது."

வரும் கிழங்கு அறுவடை விழாவில் சோம்போவை அடித்து, நேராக நடந்துபோய், அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, 'தள்ளி உக்காருங்க' என்று சொல்லவேண்டும். தாரிக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் இருந்ததாகத் தெரியவில்லை.

கர்னலுக்கும் கிட்டத்தட்ட அதே பிரச்சினைதான் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. வனோராவின் அதிபர் ஆசனம் தலைவர்கள் சபையின் வசம் இருந்தது. ஐந்தாம் அடுப்பில் இடம் உள்ளவனுக்குத்தான் சபை அதைக் கொடுக்கும். துப்பாக்கியோடு அதைக் கேட்க வந்த கர்னலை விரேலாலா அன்போடு வரவேற்றார். விருந்தும் வைத்தார்.

"தம்பி என்ன பன்னி அடிச்சிருக்கீங்க?"

"நான் நாட்டையே பிடிச்சிருக்கேன், தலைவரே."

"அது சரி. பன்னி?"

"ராணுவத்துல அதுக்கெல்லாம் நேரம் கிடைக்கல."

"அப்ப அங்க உக்காருங்க" என்று வாசலோர அடுப்பைக் காட்டினார் விரேலாலா. கர்னல் நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு பையன்களுக்கும் தாரிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பையன் லாப்லாப் என்ற கிழங்குக் களி தின்ற கையை அவர் கால்சட்டையில் துடைத்தான். உள்ளே இருந்து குரல் வந்தது: "தளபதி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. புகை உங்க பக்கம்தான் வருது."

தாரிக்குக் கர்னல் மேல் அன்றைக்கு ஒரு பிரியமே வந்தது. மறுநாள் லாரி வந்ததும் அது போய்விட்டது.

போன புயலில் தீவின் வட்டப்பல் பன்றிகள் எல்லாம் போய்ச்சேர்ந்திருந்தன. மிஞ்சியது சோம்போ. லாரிச் சத்தம் கேட்டதுமே மாபோன் ஓடிப்போய்ப் பட்டி வாசலில் ஒரு நமேலே ஓலையைக் குத்திவைத்தாள். அந்த ஓலை இருக்கும் இடத்திலிருந்து யாரும் ஒரு தேங்காயைக்கூட எடுக்க முடியாது. சிப்பாய்கள் ஓலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரமாய் நின்றுகொண்டார்கள். கர்னலும் நின்றார். மரபுப்படி பெரியவனாகப் போகிறவர் ஓலையைத் தாண்டினால் நன்றாக இராது.

ராணுவத்தின் சட்ட ஆலோசகர் கேப்டன் தெவிமூல் தொண்டையைச் செருமினார். எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும் மனிதர். வெளிநாட்டில் படித்தவர்.

"ஐயா, ஒரு சின்ன விஷயம். ஓலை இருந்தா பொருளை எடுக்கக் கூடாது. ஆனா ஒரு குடிமகனை ராணுவ சேவைக்குக் கூப்பிடக் கூடாதுன்னு மரபுல எங்கயும் இல்ல."

கேப்டன் வேலிக்கு வெளியே விறைப்பாக நின்று, சோம்போவைப் பார்த்து ஆள்சேர்ப்பு ஆணையை உரக்க வாசித்தார். ஆட்சேபணை இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம் என்றார். சோம்போ தெரிவிக்கவில்லை. கர்னல் லாரியின் பின்னால் தேங்காய்ப்பால் ஊற்றிய கிழங்கை வைத்தார். புது சிப்பாய் சோம்போ கயிற்றை இழுத்துக்கொண்டு தானாகவே ஏறிக்கொண்டான்.

"ஐயா, அவன் என் பன்னி!" என்று கத்தினான் தாரி.

"சிப்பாயைப் பன்னின்னு சொல்லாதே" என்றார் கேப்டன். "ராணுவத்தை இழிவா பேசின குத்தத்துல வரும்."

"போ, நீயும் கூடப் போ" என்று தாரியை லாரியில் தள்ளினாள் மாபோன். "அவனுங்க கிழங்குல உப்புப் போட்டுருவானுங்க!"

தாரியையும் சேர்த்துக்கொண்டார்கள். பன்றிக்கு உதவியாள் என்ற பதவி கிடையாது என்பதால் 'சிப்பாய் சோம்போவின் உதவிச் சிப்பாய்' என்று நியமித்தார்கள். சோம்போ முந்திச் சேர்ந்தவன். ஆகையால் தாரி அவனுக்குக் கீழே.

மரபில் இன்னொரு நிபந்தனை இருந்தது. பன்றியை அடிக்கப் போகிறவன் ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிவரை தன் கையாலேயே அதற்கு ஊட்டவேண்டும். கர்னல் தயார்தான். ஆனால் கேப்டனுக்கு ஒரு சின்ன விஷயம் இருந்தது. கர்னல் ஒரு சிப்பாய்க்கு ஊட்டினால் படை ஒழுங்கு என்ன ஆவது? அதிகாரிகள் உணவுக்கூடத்தில் அதிகாரிக்கு அதிகாரி பரிமாறலாம், தப்பில்லை. சோம்போ அன்று மாலையே லெப்டினன்ட் ஆனான். மேசை விரிப்பில் ஒரு மூலையைத் தின்றான். அது புதிதாய் வருகிறவர்களுக்குச் சகஜம் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

தினமும் காலையில் தாரி சோம்போவுக்கு சல்யூட் அடித்தான். மறந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும். ஓடினான். சோம்போ நிழலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கர்னல் தினமும் கையால் ஊட்டினார். ஊட்டும்போது மனம்விட்டுப் பேசினார். கிழங்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தாரி பக்கத்திலேயே நிற்கவேண்டியிருந்தது.

"உன்னை மாதிரி ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லப்பா" என்றார் கர்னல் சோம்போவிடம். "லீவு கேக்கமாட்ட. கேள்வி கேக்கமாட்ட. மத்தவனுங்க நான் உக்காந்திருக்கும்போது என்னைப் பாக்குறதில்ல, நாற்காலியைப் பாக்குறானுங்க. நீ சட்டியைத்தான் பாக்குற. நேர்மை."

சோம்போ அவர் பதக்கம் ஒன்றைக் கவ்வி விழுங்கினான்.

"துணிச்சல்!" என்றார் கர்னல்.

சோம்போ கேப்டன் ஆனான். வெளித்தீவுக் கலங்கரை விளக்கத்தில் அதற்குள் இரண்டு மேஜர்களும் ஒரு லெப்டினன்ட் கர்னலும் சேர்ந்திருந்தார்கள். யாரையும் பதவிநீக்க முடியாது என்பதால் எல்லோரையும் இடம் மாற்றி, அங்கே போய்ச் சேர்ந்ததும் பதவி மூப்புப் பட்டியலில் கடைசிக்கு நகர்த்தினார்கள். விளக்கு ஒன்றுதான். காவல் பலமாக இருந்தது. இங்கே ஆட்கள் குறையக் குறைய சோம்போ மேலே வந்துகொண்டே இருந்தான். நாள் நெருங்கியபோது மேஜர்.

விரேலாலா ஒருநாள் முகாமுக்கு வந்தார். மருமகன் மேஜருக்கு முதுகு சொறிந்துகொண்டிருந்ததைக் கண்குளிரப் பார்த்தார்.

"நல்லா இருக்கியா மாப்ளே? இங்கயும் கீழதானா?"

"பன்னி என்னுது மாமா. ஏழு வருஷம்!"

"யாரு இல்லேன்னா? ஆனா அடிக்கிறவனுக்குத்தான் அடுப்பு." கர்னல் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எதை அடிக்கிறானோ அந்த மதிப்புதான் அடிச்சவனுக்கு. மேஜரை அடிச்சா மேஜர் மதிப்பு. அதிபர் ஆசனத்துக்குப் போதுமான்னு சபை யோசிக்கும்."

அன்றே ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. கர்னல் லோகோமாய் ஜெனரல் லோகோமாய் ஆனார். காலியான இடத்தில் மேஜர் சோம்போ கர்னல் ஆகி, துணைத் தளபதிப் பொறுப்பையும் ஏற்றான். பதவியேற்பில் அவன் தூங்கிவிட்டதால் உறுதிமொழியை அவன் சார்பில் தாரி வாசித்தான். 'தளபதிக்கு ஆபத்து என்றால் என் உயிரைக் கொடுப்பேன்' என்ற வரியை வாசிக்கும்போது குனிந்து சோம்போவின் காதைத் தடவிக்கொடுத்தான்.

"மாபோன்" என்றான் அன்று வீட்டுக்கு வந்தபோது. "நாளைக்கு அடிக்கப் போறாங்க. ஏழு வருஷம் மசிச்சது ஜெனரல் அடுப்புக்குப் போகுது. எனக்கு ஆயுசு பூரா பையனுங்க கூடத்தான்."

மாபோன் கிழங்கை வழக்கத்தைவிட நன்றாக மசித்துக் கொடுத்துவிட்டாள்.

விழா மைதானத்தில் ஒருபக்கம் தலைவர்கள், ஒருபக்கம் ராணுவம். நடுவில் நட்ட கம்பத்தில் சோம்போ, தோளில் கர்னல் பட்டையோடு. மரமுரசுகள் முழங்கி முடித்ததும் ராணுவ வாத்தியம் முழங்கியது. பீரங்கி வேண்டாம், சத்தத்தில் பல் உடைந்துவிடும் என்று தாரி கெஞ்சியதால், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சார்ஜென்ட் வாயால் 'டும்' என்றார்.

ஜெனரல் பேசினார். "நாட்டு மக்களே! இன்று நான் அடையப்போகும் பதவியை நான் கேட்டதே இல்லை. துப்பாக்கிதான் கேட்டது. நான் கூடப் போனேன். அவ்வளவுதான். தேர்தல் வைப்பேன் என்று சொன்னேன். வைப்பேன். மக்கள் தயாரானதும் வைப்பேன். மக்கள் எனக்கு வாக்களிக்கத் தயாரானதுதான் தயார் என்பதற்கு அடையாளம்."

ராணுவம் கைதட்டியது. ஜெனரல் தடியை ஓங்கினார்.

"ஐயா" என்றார் கேப்டன் தெவிமூல். "ஒரு சின்ன விஷயம்."

"இப்பவா?"

"அவரு ராணுவ அதிகாரி. முதலாம் ஆணைப்படி அதிகாரியைக் கைநீட்டி அடிச்சா ஆயுசுக்கும் எந்தப் பதவிக்கும் வர முடியாது. நீங்களே ரேடியோல படிச்சீங்க."

தடி அந்தரத்தில் நின்றது. "அப்ப அவனுக்கு ஓய்வு கொடு!"

"பதவிநீக்கவும் முடியாது ஐயா. அதே ஆணை."

"ஆணையை ரத்து பண்ணு!"

"அதிபர்தான் பண்ணணும்."

"நான்தானேய்யா அதிபர்!"

"அடிச்சப்புறம்தான்."

தலைவர்கள் வரிசையில் காவாக் கிண்ணம் சுற்றிவர ஆரம்பித்தது. வெயில் ஏறியது. சோம்போ தலையைத் திருப்பி ஜெனரலைப் பார்த்தான். கோரைப்பல் கிளம்பிய இடத்திலேயே முடிந்திருந்தது.

ஜெனரல் முகத்தில் திடீரென்று ஒளி வந்தது. மைக்கைப் பிடுங்கினார்.

"என்னைத் தடுக்கச் சதி நடக்கிறது! ராணுவச் சட்டம் ராணுவத்தில் இருப்பவனைத்தானே கட்டும்? நான் இந்த நிமிஷமே ராணுவத்திலிருந்து விலகுகிறேன்! இனி நான் சாதாரணக் குடிமகன்!" தொப்பியைக் கழற்றி வீசினார். பட்டையைப் பிய்த்தார். கூட்டம் ஆரவாரித்தது. பதவியை விட்டுவிட்டு அதைவிடப் பெரிய பதவிக்குத் தாவிய வேகத்தைப் பார்த்துத் தாரிகூட ஒருகணம் கைதட்டிவிட்டான். குடிமகன் லோகோமாய் தடியை மறுபடி ஓங்கினார்.

அப்போது வாயால் 'டும்' போட்ட சார்ஜென்ட் ஓர் அடி முன்னால் வந்தார். அவர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறவர்.

"கேப்டன் ஐயா, தளபதி விலகிட்டா அடுத்த தளபதி யாரு?"

"துணைத் தளபதி" என்று சொல்லிவிட்டு கேப்டன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப இந்த சிவிலியன் யாரு? தடியை எடுத்துக்கிட்டு நம்ம தளபதிகிட்ட நிக்குறான்?"

மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் துப்பாக்கிகள் தூக்கும் சத்தம் கேட்டது. ஒழுங்காகத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"டேய், நான்டா!" என்றார் லோகோமாய்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் சார்ஜென்ட். "தடியைக் கீழ போடுங்க, தம்பி."

தடி விழுந்தது. எல்லோரும் புதிய தளபதியைப் பார்த்தார்கள். தளபதி கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஒரு நீண்ட உறுமல் உறுமினார்.

"தளபதி என்ன உத்தரவு போடறாரு?" என்று கேப்டன் தாரியிடம் கேட்டார். அவருக்கு வியர்வை மேசை நனையும் அளவுக்கு இருந்தது, மேசைதான் இல்லை.

பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து தாரியிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கூட்டத்தில் மாபோன் நின்றிருந்தாள். 'சொல்லித் தொலையேன்' என்று கண்ணைக் காட்டினாள்.

"எல்லாரும் முகாமுக்குப் போகணுமாம்" என்றான். சோம்போ இன்னொரு முறை உறுமினான். "துப்பாக்கியைப் பூட்டி வெக்கணுமாம். பழைய அதிபரை வரச்சொல்லணுமாம்." கொஞ்சம் தைரியம் வந்தது. "தளபதி வீட்டுக்குப் போறாராம். லாரி வேணுமாம்."

இப்படி ஒரு தெளிவான உத்தரவை அந்த ராணுவம் அதுவரை பெற்றதில்லை. அணிவகுத்துப் போயிற்று.

பழைய அதிபர் அந்த வாரத்து விமானத்தில் வந்து இறங்கினார். மாநாட்டில் தூங்கிக்கொண்டிருந்ததால் தான் கவிழ்ந்ததே தெரியாது என்றார். மறுபடி ஆசனத்தில் அமர்ந்து, இப்போது தானே புதிய அதிபர் என்று முதலாம் ஆணையை ரத்து செய்தார். கர்னல் சோம்போவுக்கு முழு மரியாதையோடு ஓய்வு கொடுத்தார். கலங்கரை விளக்கத்துக்காரர்கள் கறுத்துப் போய்த் திரும்பி வந்தார்கள்.

தாரிக்குத்தான் சிக்கல். அறுவடை விழா வந்தது. சோம்போ மறுபடி வெறும் பன்றி, அடிக்கத் தடையில்லை. தாரி தடியை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனான். சோம்போ எழுந்து நின்றான். தாரியின் வலக்கை தானாக நெற்றிக்குப் போயிற்று. தடி காலில் விழுந்தது. மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் சல்யூட்தான் வந்தது.

"என்னால முடியல மாமா" என்று நொண்டிக்கொண்டே போய்க் கூடத்தில் சொன்னான். "எனக்கு அடுப்பு வேணாம். இங்கயே இருந்துக்கறேன்." வாசலோரம் உட்கார்ந்தான். பக்கத்தில் லோகோமாய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டாம் அடுப்பின் மேல் தனக்கு ஆசை துளியும் இல்லை என்று பையன்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

விரேலாலா வாயைத் திறந்தார், புகையைப் பற்றிச் சொல்ல. ஆனால் சபையின் மற்றத் தலைவர்கள் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். தலைவர்கள் சபைக்கு எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. பொழுது சாயும்வரை காவா குடித்தார்கள். மனுஷன் பன்றியைச் சாய்த்தால் பன்றியின் மதிப்பு மனுஷனுக்கு வரும். இங்கே பன்றி ஒரு ஜெனரலைச் சாய்த்திருக்கிறது. அப்படியானால் ஜெனரலின் மதிப்பு யாருக்கு? பன்றிக்கு. பன்றி யாருடையது? தாரியுடையது. எதை அடிக்கிறானோ அந்த மதிப்புதான் என்று சொன்னது யார்? விரேலாலா. மரபில் இதற்கு எதிராக ஒரு வார்த்தையும் இல்லை. இருவருக்கும் ஐந்தாம் அடுப்பு.

"ரெண்டு பேருக்குமா?" என்றார் விரேலாலா.

"ரெண்டு பேருக்கும்" என்றார்கள்.

தாரி எழுந்தான். வெளியே போய்ச் சோம்போவின் கயிற்றை அவிழ்த்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டாம் அடுப்பு, மூன்றாம் அடுப்பு, நான்காம் அடுப்பு என்று எல்லோரும் கால்களை மடக்கி வழி விட்டார்கள். ஐந்தாம் அடுப்பில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டான். ஏழு வருஷமாக மனப்பாடம் பண்ணிய வார்த்தைகள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

விரேலாலா தள்ளி உட்கார்ந்தார். அந்த இடத்தில் சோம்போ படுத்தான். தாரிக்கு இடம் போதவில்லை. விரேலாலா இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

புகை அவர் பக்கம் திரும்பியது.